நாற்சந்தித் திரையை நான் அணைத்தது

என் பெயர் பேக் ஒக்சுன். வயது அறுபத்தொன்று. கணவர் இறந்துவிட்டார். இக்சான் நகரம், வடக்குச் சந்தை நாற்சந்தியில் உள்ள மூன்று மாடிக் கட்டடத்தின் பின்புற அறையில் குடியிருந்துகொண்டு, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிம்ச்சியும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் மற்றக் கறிவகைகளும் விற்கும் கடை நடத்தி வருகிறேன். இந்த வாக்குமூலத்தைப் போலீஸ் நிலையத்தில் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கொடுக்கிறேன்.

பாடகர் பியோன் சாங்கிலின் ரசிகர் மன்றத்தில் நான் உறுப்பினர். அவர் யாருக்கும் தெரியாதவராக இருந்த காலத்தில் எங்கள் சந்தைத் திருவிழாவுக்கு வந்து, லாரியின் பின்பக்கம் ஏறி நின்று மழையில் பாடினார். கேட்டவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டோம். அன்று அவருக்கு ஒரு டப்பா முள்ளங்கிக் கிம்ச்சி கொடுத்தேன். "சித்தி, இதை வெச்சே ஒரு வாரம் ஓட்டிருவேன்" என்றார். அதன் பிறகு அவர் தொலைக்காட்சிப் போட்டியில் வென்று பெரிய ஆளாகி, இந்த ஊரில் மன்றம் தொடங்கியபோது, மருந்துக்கடைக்காரர் மனைவி தோ யொன்ஹீயைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குக் கார் ஓட்டத் தெரியும், கம்ப்யூட்டர் தெரியும். நானும் அவருக்குத்தான் கை தூக்கினேன்.

யொன்ஹீ எனக்கு ஏழு வயது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் எழுதிய கடிதம் ஒன்றைச் சாங்கில் தொலைக்காட்சியில் வாசித்து, "நன்றி, யொன்ஹீ அக்கா" என்றார். என்னைச் சித்தி என்றவர், ஐம்பத்து நான்கு வயதான அவரை அக்கா என்றார். அந்த நிகழ்ச்சியைக் கடையில் வாடிக்கையாளர்களோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் சேனலை மாற்றிவிட்டேன்.

அதன் பிறகு, பாடகரின் பிறந்தநாளுக்காக எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருக்கும் மின்னணு விளம்பரத் திரையை மன்றம் இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தது. ஏற்பாடு முழுவதும் யொன்ஹீயுடையது. சாங்கில் பாடியபடி நடந்து வருவார், பெரிய சிவப்பு இதயம் ஒன்று விட்டுவிட்டு எரியும், கடைசியில் "தலைவி தோ யொன்ஹீ மற்றும் உறுப்பினர்கள்" என்று எழுத்து வரும். என் தலைக்கு மேலேயே அது ஓடியது. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் யொன்ஹீயின் கைவண்ணத்தைப் பற்றியே பேசினார்கள். மற்றும் உறுப்பினர்கள் என்பதில் நானும் ஒருத்தி.

அதன் பிறகு நகராட்சியின் விளம்பரப் பிரிவுக்கு நான் பெயர் சொல்லாமல் போன் செய்து, போக்குவரத்து விளக்குக்குப் பக்கத்தில் சிவப்பு வெளிச்சம் மினுக்குவதாகவும், வண்டி ஓட்டுகிறவர்கள் சிக்னல் என்று நினைத்துக் குழம்புவதாகவும் புகார் சொன்னேன். ஒரு வாடிக்கையாளர் அப்படிக் குழம்பியது உண்மை. ஆனால் நான் புகார் சொன்னது அவருக்காக அல்ல. அலுவலர் வந்து கருவியால் வெளிச்சத்தை அளந்துவிட்டு, சிக்னலுக்கு அருகில் நகரும் படமோ மினுக்கும் சிவப்போ கூடாது, இருட்டியபின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு கொடுத்தார். திரையையே இறக்கச் சொல்வார் என்று நான் நினைத்திருந்தேன்.

யொன்ஹீ சண்டைக்குப் போகவில்லை. மறுநாளே நகராத ஒற்றைப் படமாக மாற்றி, இதயத்துக்கு எங்கள் மன்றத்தின் கடுகு நிறம் கொடுத்தார். கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எந்தப் புண்ணியவான் புகார் கொடுத்தானோ, அவன் வாய்க்குச் சர்க்கரை போடணும். முன்னாடி நம்ம சாங்கில் நடந்துக்கிட்டே இருந்தான். இப்ப பாருங்க, முகம் எப்படி நின்னு பேசுது!" என்றார். பேசத்தான் செய்தது. அவருடைய பெயரும் இப்போது மறையாமல் நாள் முழுக்க நின்றது.

பிறந்தநாளன்று மாலை உறுப்பினர்கள் எல்லாரும் கேக்கோடு எதிர்ப்பக்க நடைபாதையில் கூடினார்கள். கடையில் ஆள் இல்லை என்று சொல்லி நான் போகவில்லை. அதன் பிறகு மொட்டைமாடிக்குப் போனேன். என் சோயாவிழுதுச் சாடிகள் அங்கேதான் இருக்கின்றன, அதனால் சாவி என்னிடம் உண்டு. விழுது எடுக்கத்தான் போனேன். சாடிகளுக்குப் பக்கத்தில் திரையின் மின்பெட்டி இருக்கிறது. அதற்குப் பூட்டு இல்லை. கீழே பாட்டுச் சத்தம் கேட்டது. நான் பெட்டியைத் திறந்து சுவிட்சை இறக்கினேன்.

கீழே "ஐயோ" என்று ஒரே கூச்சல். நான் சாடிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்கிறேன்.

சற்று நேரத்தில் என் போன் அடித்தது. யொன்ஹீ. "அக்கா, எங்க இருக்கீங்க? கடையை அப்படியே போட்டுட்டு ஓடி வாங்க! சாங்கில் வந்திருக்கான்! போர்டைப் பார்க்கவே வந்திருக்கான். அது இந்த நேரம் பார்த்துச் செத்துப்போச்சு. போனா போகட்டும், அவன் கிளம்புறதுக்குள்ள நீங்க அவனைப் பார்த்துரணும், வாங்கக்கா!" என்றார். அவருக்கு மூச்சிரைத்தது.

கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் சாங்கில் நின்றுகொண்டு, கறுத்துக் கிடந்த திரையை அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்க்கிறார் என்று நினைத்துக் குனிந்துவிட்டேன். அதன் பிறகு சுவிட்சை மேலே தள்ளினேன். அந்தத் திரை உடனே எரியாது என்று எனக்குத் தெரியாது. முதலில் வெள்ளையாக வந்தது, பிறகு நீல எழுத்துகள் ஓடின. படம் வந்தபோது அவருடைய வேன் மருத்துவமனைச் சாலையில் திரும்பிப் போய்விட்டது. நான் கீழே இறங்கவில்லை. திடீரென்று அணைத்து ஏற்றியதில் திரையின் ஒரு பகுதி கெட்டு, படத்தில் அவர் முகத்தின் குறுக்கே இப்போது கறுப்புப் பட்டை விழுகிறது என்று சொல்கிறார்கள். அது என்னால்தான்.

மொட்டைமாடிக் கேமராவில் என்னைப் பார்த்தபின் யொன்ஹீ கடைக்கு வந்தார். "நகராட்சிக்குச் சொன்னதும் நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா உங்க பேரை முதல்ல போட்டிருப்பேனே அக்கா."

"கேட்டு வாங்குனா அது பேரா?" என்றேன்.

அவர் அழுதார். நான் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நேற்றுச் சந்தையில் பார்த்தேன், அவர் கையில் வேறு கடைக் கிம்ச்சிப் பை இருந்தது. அது யார் கடை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

என்மேல் புகார் கொடுத்தது திரையின் சொந்தக்காரர்களான விளம்பர நிறுவனம்தான். யொன்ஹீ கொடுக்கவில்லை. கொடுக்கச் சொல்லிக் கேட்டும் மறுத்துவிட்டார் என்று இங்கேதான் எனக்குத் தெரிந்தது.

மேலே கண்டதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். காரணம் என்ற இடத்தில் "மன்ற நிர்வாகத்தில் கருத்து வேறுபாடு" என்று எழுதியிருந்தார். எனக்கும் யொன்ஹீக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் இருந்ததில்லை என்று சொல்லி அதை அடிக்கச் சொன்னேன். பொறாமை என்று எழுதச் சொன்னேன். "அம்மா, இது உங்களுக்குத்தான் பாதகம்" என்றார். எழுதச் சொன்னேன். எழுதினார். அடித்த இடத்தில் என் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன். மற்றவை எல்லாம் நான் சொன்னபடியே இருக்கின்றன, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) பேக் ஒக்சுன்