பச்சைப் புள்ளி

– மறுபடியும் எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க அத்தான்.

– நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேனே, மாப்ளே.

– இப்பதானே கேட்டீங்க? ‘திரையைப் பாருங்க’ன்னு சொல்லிட்டாங்க இல்ல? ஆபரேஷன் நிலவரம் காட்டற அந்தத் திரையைச் செஞ்சவனே பக்கத்துல உக்காந்திருக்கேன்.

– நீ உக்காந்தா ஆச்சா? உங்க அக்கா நகையா கேட்டா, நட்டா கேட்டா? ‘கண்ணு முழிக்கும்போது நீங்க எதிர்ல இருக்கணும்’னா. அவ்வளவுதான்.

– இருப்பீங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் உள்ள பட்டனைத் தட்டுவாங்க, உடனே இங்க எழுத்து மாறும்.

– காலையில இருந்து ‘நடக்கிறது’ன்னே நிக்குது. உன் மிஷின் தூங்கிடுச்சோ என்னமோ.

– மூலையில பச்சைப் புள்ளி தெரியுது பாருங்க. லைன் உயிரோட இருக்குன்னு அர்த்தம். முன்னெல்லாம் கொஞ்ச நேரம் சேதி வரலைன்னா, உள்ளுக்கும் இந்தத் திரைக்கும் நடுவுல இருக்கிற சர்வர் கம்ப்யூட்டர் ‘பேச ஆள் இல்லை போல’ன்னு லைனை வெட்டிவிட்டுடும். புள்ளி சிவப்பாயிடும்.

– அப்புறம்?

– அதுவே திரும்பச் சேர்ந்துக்கும். ஆனா சிவப்பைப் பார்த்தாலே ஜனங்க சண்டைக்கு வந்துடுவாங்க. மேனேஜர் என்னை நிக்க வெச்சுத் திட்டித் தீர்த்துட்டாரு. தூக்கமே போச்சு அத்தான். கடைசியில, வெட்டற அந்த சர்வரையே சும்மா இருக்கும்போதெல்லாம் ‘இருக்கேன், இருக்கேன்’னு ஒரு வெத்து வரி அனுப்ப வெச்சுட்டேன். அதோட சிவப்புத் தொல்லை ஒழிஞ்சுது.

– அதுக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள்ள நடக்கறது தெரியுமா?

– அதுக்கென்ன தெரியும்? உள்ளேயிருந்து வர்றதை வாங்கி இங்க தள்ளும்.

– உள்ளேயிருந்தே வரலைன்னா?

– வரலைன்னா... அது பாட்டுக்கு ‘இருக்கேன்’னு அனுப்பிக்கிட்டே இருக்கும், புள்ளியும் பச்சையாவே...

– ஏன் மாப்ளே, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?

– இருங்க, உள்ள இருக்கிற சிஸ்டருக்கே போன் போடறேன்... ஹலோ, சிஸ்டர், நான் திரை வேலை பார்க்கிற தம்பி. எங்க அக்கா... ஆமா... எப்போ?... சரிங்க சிஸ்டர்.

– என்னடா? அவளுக்கு ஒண்ணும் இல்லையே?

– நல்லா இருக்கா அத்தான். ஒண்ணும் பயமில்லை.

– அப்பாடா! அப்புறம் ஏன்டா அழறே?

– பட்டனைத் தட்டிட்டு எப்பவோ வார்டுக்குக் கொண்டு போயிட்டாங்களாம். கண்ணு முழிச்சு, ‘அவரு எங்க, அவரு எங்க’ன்னு கேட்டுக் கேட்டு, மறுபடியும் தூங்கிட்டாளாம்.