இருபத்தேழாம் போத்தில்

— இந்தமுறை போத்திலை என்னட்டைத் தாறேல்லையோ, சேர்?

— இல்லை அக்கா. நானே கிணத்திலை அள்ளுறன்.

— எண்பத்தாறிலை வாசல்லை நிண்டுகொண்டு, “மரியநாயகியக்கா, சோதிக்க ஒரு போத்தில் தண்ணி தாங்கோ” எண்டனீங்கள். இப்ப லண்டனிலை டொக்டர் பட்டமும் எடுத்துப்போட்டு வாளியும் கயிறுமா நிக்கிறியள். நல்ல முன்னேற்றந்தான்!

— பகிடி பண்ணாதேங்கோ...

— வேறை என்னத்தைச் செய்ய? இருங்கோ, கதிரை கிடக்கு.

— மகள் ஸ்ரெல்லா எங்கை?

— உள்ளை. பிள்ளையைத் தாட்ட நாள் துவக்கம் சுவரைப் பாத்தபடி கிடக்கிறாள்.

— கேள்விப்பட்டனான். வயித்தோட்டம் எண்டு...

— மூண்டே மூண்டு நாள். எட்டு மாசக் குஞ்சு, சேர். என்ன தண்ணி குடுத்தனீங்கள் எண்டு டொக்குத்தர் கேக்கிறார். என்னத்தைச் சொல்ல? எங்கடை கிணத்துத் தண்ணிதான். காய்ச்சிறதுக்கு விறகும் இல்லை.

— தண்ணிப் பவுசர் வாறேல்லையோ?

— பக்கத்து ஒழுங்கைக்கு வருது. எங்களுக்கு இல்லை.

— ஏன்?

— என்ன, தெரியாத மாதிரிக் கேக்கிறியள்! ஆமிக்காரர் டீசல் விடுறாங்கள் இல்லையாம். இருக்கிற ஒரு பவுசரும் கிணத்துத் தண்ணி பழுதான ஒழுங்கையளுக்கு மட்டுந்தானாம். மாநகரசபைக் கந்தோரிலை போய்ச் சண்டை பிடிச்சன். உங்கடை புத்தகத்தை விரிச்சுக் காட்டினவை. “இருபத்தேழாம் போத்தில், மரியநாயகி வளவு, நல்ல தண்ணி.” என்ரை பேரும் கிடக்கு. புத்தகத்துக்கு என்ன பேர் வைச்சனீங்கள்? கந்தோர்ப் பெடியன் வாசிச்சவன், மறந்துபோனன்.

— நகரத் தண்ணீரும் சமூக நீதியும்.

— நீதியோ! அதுவும் எங்கடை ஒழுங்கைக்கு வரேல்லை.

— அக்கா, இண்டைக்கே சோதிச்சு, முந்தினது பிழையெண்டு கடிதம் எழுதித் தாறன். கையோடை கந்தோருக்குக் கொண்டு போங்கோ...

— பொறுங்கோ. முதல் நான் ஒண்டு சொல்லவேணும். சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலையும் சொல்லாதது.

— வேண்டாம் அக்கா, விடுங்கோ...

— கேளுங்கோ எண்டுறன்! அண்டைக்கு நான் போத்திலிலை விட்டது எங்கடை கிணத்துத் தண்ணியில்லை. உங்கடை சாதி ஆக்கள் ஆராவது எங்கடை வாசல்லை வந்து தண்ணி கேட்டிருக்கினமோ? படிச்ச மனிசன் வந்து கேட்டால் அந்த உவரையோ தூக்கிக் குடுக்கிறது? எனக்கு வெக்கமாக் கிடந்தது, சேர். இப்ப மூடிக் கிடக்கிற மாதா கோயில் கிணத்திலை அப்ப அள்ளிக்கொண்டு வந்த நல்ல தண்ணி குடத்திலை இருந்தது. அதை விட்டுத் தந்தன். சோதிக்க எண்டு நீங்கள் சொன்னது என்ரை மண்டையிலை ஏறேல்லை.

— அழாதேங்கோ, அக்கா...

— என்ரை பேத்தியை நான்தான் கொண்டனான். ஸ்ரெல்லாவின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கு. அவளுக்குத் தெரிஞ்சால்...

— நீங்கள் இல்லை.

— சும்மா ஆறுதல் சொல்லாதேங்கோ! நீங்கள் பாவம், நான் தந்ததை நம்பி எழுதினீங்கள்...

— நம்பேல்லை, அக்கா. அண்டைக்கு வெளிக்கிடேக்கை உங்கடை கிணத்தடியிலை கால் கழுவி, வாயும் கொப்பளிச்சனான். ஒரே உவர். பேந்து போய்ச் சோதிச்சால், போத்திலிலை நல்ல தண்ணி. இது ஒண்டு பிழையெண்டு எழுதினால், இந்தக் குருநகரிலை வீட்டுக்காரர் நிரப்பித் தந்த அறுவது போத்திலையும் திருப்பி அள்ளவேணும். ஆய்வை லண்டனுக்கு அனுப்ப ரெண்டே நாள்தான் இருந்தது... தெரிஞ்சுகொண்டுதான் எழுதினனான்.