போன்னா போயிடுறதா?

மணி பத்தேகால், எனக்கு முன்னாடி மூணு பேரு, தனபாலன இன்னும் காணோம். வக்கீலம்மா ஒம்பதரைக்கு வரச் சொல்லுச்சு. ரவாங்குல பார்க்கிங் கெடைக்கலன்னு சொல்லுவான் பாருங்க. மோட்டார் சைக்கிள்ல வர்றவனுக்கு என்னா லா பார்க்கிங்?

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தங்கச்சி. என்னா படிக்கிறீங்க? காட்டுங்க... ஓ, இதா! கோட்டு போட்டவன் ஒருத்தன், மொகத்தத் திருப்பிக்கிட்டு ஒருத்தி. பின்னட்டையில என்னா போட்டிருக்கு? பிரிஞ்சு அஞ்சு வருசம் கழிச்சு, இவ வேல பாக்குற கம்பெனியவே அவன் வாங்கிட்டான். ஹ்ம்! கம்பெனி வாங்குறவன் மெஷினப் பாப்பானா, இவ மூஞ்சியப் பாப்பானா? நானும் இங்க பேக்டரியில பதினோரு வருசம். முதலாளிய ஒரே தடவ பாத்தேன். தீவாளிக்குப் பொட்டலம் குடுத்தாரு, எனக்குப் பின்னாடி நின்னவளப் பாத்துக்கிட்டே.

அவளுக்குத் தெரியாம ரெண்டு ஆளக் காவலுக்கு வெச்சிருப்பானே? வெச்சிட்டானா? பாத்தீங்களா, சொன்னேன்ல! எல்லாக் கதையிலயும் வெப்பானுங்க. நெசத்துல ஒருத்தன் நம்ம பின்னாடி ஆள அனுப்புனா போலீஸ்ல ரிப்போட் குடுப்போம். இவ கண்ணு கலங்குவா. சீ!

எப்படித் தெரியுமா? மாசம் எட்டு புத்தகம் படிச்சவ நான். அப்ப. இப்ப இல்ல.

நீங்க எதுக்கு வந்தீங்க? வீட்டுப் பத்திரமா? நல்லது. நான் விவாகரத்துக்கு. ஆனா எனக்குக் கல்யாணமே ஆகல! சிரிக்காதீங்க லா. நம்மாளுங்க பழக்கந்தான் தெரியுமே, மொதல்ல ரெஜிஸ்டர், பொறவு கோயில்ல தாலி. எங்களுக்கு நடுவுல எட்டு மாசம். கவர்மெண்டுக்கு நான் பொண்டாட்டி. எங்கம்மாவுக்கு நான் இன்னும் கன்னிப்பொண்ணு. அந்தத் தனபாலனோட ஒரு டீ குடிக்கப் போனாலும் எங்க சித்திய கூட ஏத்தி அனுப்பும்.

அப்படித்தான், தாலிக்கு ஒரு மாசம் இருக்கறப்ப மின்மினி பாக்கக் கம்போங் குவாந்தானுக்குப் போனோம். படகுல நான், அவன், சித்தி. பொழுது சாஞ்சு, கரையில மரம் மரமா மின்மினி. கதையில இந்த எடத்துல அவன் கையப் புடிப்பான்ல? இவனும் புடிச்சான்... என் லைஃப் ஜாக்கெட்டு வார! 'லூசா இருக்கு திலகா, இறுக்கிக் கட்டு'ங்கறான். சித்தியோடதயும் இறுக்குனான். சரி, நாமளே ஆரம்பிப்போம்னு கேட்டேன். 'நான் உங்கள விட்டுப் போயிட்டா என்னா செய்வீங்க?' யோசிச்சான். நெசமாவே உக்காந்து யோசிச்சான் தங்கச்சி! யோசிச்சிட்டு, 'மறுநா வேலைக்குப் போவணுமே, அறுப்பு சமயம்'ங்கறான். தஞ்சோங் காராங்குல நெல்லு லோரி ஓட்டுறான். கதையில இந்தக் கேள்விக்குக் கோட்டையவே அவ பேருக்கு எழுதி வெக்கிறானுங்க, எனக்கு வந்தது நெல்லு மூட்ட!

கரை ஏறுனதும் சொல்லிட்டேன். வராத, போன் பண்ணாத, ஒன் மூஞ்சியவே காட்டாத. நீங்க, வாங்க எல்லாம் அங்கயே போயிருச்சு. பத்திரிக அடிச்சாச்சு, மண்டபம் சொல்லியாச்சு, நான் பைய எடுத்துக்கிட்டு, வேல பாக்குற ரவாங்குக்கே திரும்பி வந்துட்டேன்.

கதையில அவ ஓடிருவா, அவன் நாட்டையே பொரட்டிப் போட்டுத் தேடுவான். இவன் எதையும் பொரட்ட வேணாம், ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டுனா போதும். வீடு தெரியும். பேக்டரி தெரியும். நான் நம்பர்கூட மாத்தல! வந்தானா? வரல. போன்னா போயிடுறதா? ஆறு வருசம் தங்கச்சி... ஆறு வருசம் ஒருத்தன் சொன்ன பேச்சக் கேப்பானா?

இன்னும் கேளுங்க. நாளைக்குக் கையெழுத்துன்னு நேத்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பதான் அது வாயத் தொறக்குது. மாசா மாசம் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறது அவன்தானாம். கோலசிலாங்கூர் எஸ்டேட் லயத்த விட்டு வீடு மாறுனப்ப, சாமான் ஏத்துனதும் அவன் லோரியிலதானாம். ஏம்மா இத்தன வருசம் சொல்லலன்னா, 'நீதான அவன் பேர எடுக்கக் கூடாதுன்ன?'ங்குது. பாத்தீங்களா? சொன்னதச் சொன்னபடி கேக்குற கூட்டமெல்லாம் எனக்குன்னு வந்து சேந்திருக்கு!

போன வாரம் நான்தான் மெசேஜ் போட்டேன். கையெழுத்துக்கு வான்னு. ஆறு வருசத்துல அதான் மொத மெசேஜ். 'சரி'ன்னு பதில். ஒரே வார்த்த. ஒரு நிமிசம்கூட ஆவல, பதில் வந்துருச்சு... அந்த நேரத்துல லோரி ஓட்டிக்கிட்டிருப்பான். நிறுத்திட்டுப் போட்டானோ என்னமோ.

தோ, உங்களக் கூப்புடுறாங்க. போங்க. அந்தப் புத்தகத்த வெச்சிட்டுப் போங்களேன். சும்மாதான்... கடைசிப் பக்கத்த மட்டும். இவளும் அவன்கிட்டயே திரும்பிப் போயிருப்பா. வெக்கங்கெட்டவளுங்க, எல்லாருமே போவாளுங்க.

இருங்க இருங்க... கதவுகிட்ட பாருங்க. அதான் அவன். வக்கீல் ஆபீசுக்கு வர்ற சட்டையா அது, தோளெல்லாம் நெல்லுத் தூசி! கையில என்னா... ரெண்டு ஹெல்மெட்டு. ஒன்னு புதுசு, மேல ஒட்டுன காயிதத்தக்கூட பிரிக்கல. விவாகரத்துக்கு வர்றவன் எவனாச்சும் பொம்பளைக்கு ஹெல்மெட்டு வாங்கிட்டு வருவானா? திரும்பிப் போறப்ப நான் பஸ்ஸுக்கு நிப்பேன்னு அம்மா சொல்லிருக்கும்.

வான்னேன். வந்துட்டான். அவ்வளவுதான் தங்கச்சி. அந்த ஒரு வார்த்தைய நான் அப்பவே போட்டிருக்கலாம்ல? என்னா கொறஞ்சிருப்பேன்?

சேய், நீங்க போங்க லா, வக்கீலம்மா காத்துக்கிட்டிருக்கு.

என்னாங்க, கதவுகிட்டயே நிக்கிறீங்க? வாங்க. வந்து உக்காருங்க.

*

திலகாவும் தனபாலனும் அன்று கையெழுத்திட்ட கூட்டு மனு 2024 செப்டம்பர் 9, திங்கட்கிழமை விசாரணைக்கு வந்தது. இருவரும் வராததால் தள்ளுபடி செய்யப்பட்டது.