பின்னடியால் வென்றவர்களுக்கு ஒரு பொறாமைக்காரனின் பாராட்டு

அக்கிராசனத்தை அலங்கரித்து வீற்றிருக்கும் ஜவுளி வணிகர் ஹபீபுர் ரஹ்மான் சாகிப் அவர்களே, அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து இப்போதே என்னைப் பார்த்துப் புன்னகைக்கும் மாதா கோயில் பங்குச்சாமி அவர்களே, மயிலைக் குளக்கரைக் கழகத்தின் தளபதி கிச்சா அவர்களே, மணலையே மெத்தையாக்கி அமர்ந்திருக்கும் நொச்சிக்குப்பத்துப் பெரியோர்களே, மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, மாலையும் கழுத்துமாக முதல் வரிசையில் மலர்ந்திருக்கும் வெற்றி வீரர்களே, கடைசியில் கட்டுமரங்களின் ஓரமாக, உட்காரலாமா ஓடிவிடலாமா என்று ஒற்றைக் காலில் நிற்கும் என் சைதாப்பேட்டைச் சொந்தங்களே, உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி, ஆனால் மனம் தாழாமல், வணங்குகிறேன்.

அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே ‘பாராட்டுரை: சைதாப்பேட்டைக் கழகச் செயலாளர் சுப்பராயன்’ என்று போட்டிருக்கிறீர்கள். அச்சுக்கூடத்தில் கை தவறிவிட்டது போலும். வயிற்றெரிச்சல் உரை என்றல்லவா போட்டிருக்க வேண்டும்? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். வென்றவர்களுக்குச் சிரிப்பு சும்மா வரும். எனக்குப் பொறாமை, மகாஜனங்களே. மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. உங்கள் கோப்பையைப் பார்த்தால் பொறாமை. உங்கள் கொட்டு மேளத்தைக் கேட்டால் பொறாமை. எல்லாவற்றுக்கும் மேலே, அதோ முதல் வரிசையில், நீலச் சட்டைகளின் நடுவே தலையைக் குனிந்துகொண்டு அமர்ந்திருக்கிறானே ஒருவன், அவனைப் பார்க்கும்போது வருகிற பொறாமைக்கு மருந்தே கிடையாது.

அவன் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவன் எங்கள் ஷஃபியுல்லா. சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவன். எங்கள் மஞ்சள் சட்டையைத் தைத்தவனும் அவன்தான், அதை அணிந்து எங்களை இறுதி ஆட்டம் வரைக்கும் இழுத்துவந்தவனும் அவன்தான். அடுத்த பருவம் முதல் அவன் குப்பத்துக்கு ஆடப் போகிறானாம். கோப்பையைக் கொடுத்துவிட்டோம், போகட்டும். ஆளையும் கொடுக்க வேண்டுமா? நான் மாலை போட மட்டும் வரவில்லை. அவனைக் கையோடு அழைத்துப் போக வந்திருக்கிறேன்.

பொறுங்கள், பொறுங்கள். அடிக்க வராதீர்கள். முதலில் பாராட்டிவிடுகிறேன்.

தாய்மார்களில் சிலருக்கு இந்த ஆட்டம் இன்னும் விளங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கிண்டி பந்தயக் குதிரைகளோடு ஆஸ்திரேலிய நாட்டிலிருந்து கப்பலேறி வந்தாரே டாய்ல் துரை, அவர் நமக்குக் கொடுத்த ஆட்டம் இது. பந்து உருண்டையாக இருக்காது, முட்டையாக இருக்கும். காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம், எறிய மட்டும் கூடாது. உதைத்த பந்தை எகிறிப் பிடித்தவனை யாரும் தொடக் கூடாது, நின்று நிதானமாக உதைக்க விடவேண்டும். இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே போனால் ஆறு புள்ளி. ஓரத்துச் சந்தில் போனால், போனால் போகிறதென்று ஒரே ஒரு புள்ளி. அந்த ஒற்றைப் புள்ளிக்குத் துரை பாஷையில் ‘பிஹைண்ட்’ என்று பெயர். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள். என் அடிவயிறு எரிவது அதனால்தான்.

நாலு கழகங்கள் களம் கண்டன. மயிலை, மாம்பலம், சைதை, குப்பம். பருவத்தின் முதல் ஆட்டத்தில் அடையாற்றங்கரையில் எங்களோடு மோதிய குப்பத்தார் வாங்கிய அடி உங்களுக்கு நினைவிருக்கும். இல்லையா? மறந்துவிட்டதா? எனக்கு மறக்கவில்லை. அன்று இரவு நான் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டேன். ஆட்டம் முடிந்ததும் உங்கள் தலைவன் தேசப்பன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தான். அழுவான் என்று பார்த்தேன். “நைனா, ஆட்டம் ஷோக்கா கீது. ஆமா, அந்த ஓரத்து கம்பம் இன்னாத்துக்கு நட்டு வெச்சிகிறீங்க?” என்று கேட்டான். ஓரக் கம்பம் எதற்கென்றே தெரியாமல் ஒரு ஆட்டம் முழுக்க ஆடித் தோற்றிருக்கிறார்கள், தோற்றுவிட்டுச் சிரிக்கிறார்கள். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது. தோற்றுச் சிரிக்கத் தெரிந்தவனை எப்படித் தடுப்பது?

தடுக்க முடிந்ததா? மாம்பலத்தை வென்றார்கள். மழை கொட்டிய ஞாயிற்றுக்கிழமை மயிலையை வென்றார்கள். பந்து வழுக்கியது, மயிலைப் பிள்ளைகளின் கையில் நிற்கவில்லை. குப்பத்துக் கைகளிலோ கெண்டைமீன் போல அகப்பட்டுக்கொண்டது. ஆட்டம் முடிந்து, இதோ இந்தக் கிச்சா அவர்கள், சொட்டச் சொட்ட நனைந்து, என் குடைக்குள் புகுந்துகொண்டு சொன்னார்: “ஓய் சுப்பராயன், தோத்துட்டோம்னு வருத்தமில்லே ஓய். அவா மழையிலே சிரிச்சிண்டே ஆடினா பாரும், அதைத்தான் பொறுத்துக்க முடியலே.” மறுக்காதீர்கள் கிச்சா. சொன்னீரா இல்லையா? பாருங்கள், தலையாட்டுகிறார். ஆக, எரிகிற வயிறு என்னுடையது மட்டுமல்ல. இந்த மேடையில் குமுட்டி அடுப்பு வரிசையே அமர்ந்திருக்கிறது.

நாங்கள் என்ன சளைத்தவர்களா? எங்கள் கழகத் தலைவர் புலவர் ஏகாம்பரனார் இந்த ஆட்டத்துக்கே தமிழ் கொடுத்தார். மயிலைக்குத் தோன்றியதா? மாம்பலத்துக்குத் தோன்றியதா? நடுக் கம்பத்தில் போனால் ‘இலக்கு’. எகிறிப் பிடித்தால் ‘ஏந்தல்’. ஓரத்தில் போகும் அந்த ஒற்றைப் புள்ளிக்கு, துரை பாஷையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘பின்னடி’ என்று பெயர் சூட்டினார். அழகான சொல். ஏட்டில் எழுதினால் அழகு. புலவர் வாயில் கேட்டால் அழகு. சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் கத்தினால் அது என்ன ஆகும் என்று யாராவது நினைத்துப் பார்த்தோமா?

வந்தது இறுதி ஆட்டம். கிண்டியில், குதிரை லாயத்துக்குப் பின்புறம். மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வந்தது ஒரு கூட்டம், மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தது ஒரு கூட்டம். எங்கள் வீட்டுப் பெண்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். உங்கள் பெண்களோ கோட்டுக்கு வெளியே நின்று போட்ட சத்தத்தில் பந்தயக் குதிரைகள் கொள்ளைத் தொடவில்லையாம். தேசப்பனின் தாயார் கெங்கம்மா அவர்கள் எங்கள் ஆட்டக்காரர்களின் ஏழு தலைமுறையையும் பேர் சொல்லி விசாரித்தார்கள். அதற்கும் பொறாமைதான். எனக்காக ஒரு ஜீவன் அப்படிக் கத்தியதுண்டா?

ஆட்டம் முடியும் நேரம். இரண்டு பக்கமும் சமம். துரை கடிகாரத்தைப் பார்க்கிறார். பந்து யார் கையில்? எங்கள் ஷஃபியுல்லா கையில். எங்கே நிற்கிறான்? குப்பத்துக் கம்பங்களுக்கு முன்னால், யாரும் நெருங்காத வெட்டவெளியில். ஆறு புள்ளி வேண்டுமா? வேண்டாம். ஒற்றைப் புள்ளி போதும். ஓரச் சந்தில் தட்டிவிட்டால் போதும். கோப்பை எங்களுடையது. அதை அவனுக்குச் சொல்ல வேண்டுமல்லவா? சொன்னார்கள். சைதாப்பேட்டை முழுக்க ஒரே குரலில் சொன்னது. “பின்னடி. பின்னடி போதும்.”

கூட்டத்தின் வாயில் அது எப்படிக் கேட்டிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

ஆம். ‘பின்னாடி, பின்னாடி’ என்றுதான் கேட்டது. பின்னாடி எவனோ பாய்ந்து வருகிறான் என்று அவன் திரும்பிப் பார்த்தான். எந்த மனிதன்தான் திரும்ப மாட்டான்? பின்னாடி யாரும் இல்லை. முன்னாடி இருந்தான் தேசப்பன். ஒரு பாய்ச்சல், ஒரு கட்டிப்பிடி. பந்து தரையில். அதைப் பொறுக்கி ஒரு உதை. நடுக் களத்தில் உங்கள் ரங்கன் எகிறிப் பிடித்தான். மறு உதை எங்கள் கம்பத்தை நோக்கிப் போனது, வளைந்தது, ஓரச் சந்தில் நுழைந்தது. ஒற்றைப் புள்ளி. எந்தப் பின்னடிக்காக நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோமோ, அதே பின்னடியால் நீங்கள் வென்றீர்கள். மணி அடித்தது. நான் கத்தினேனா என்று கேட்கிறீர்களா? என் வாய் நிறைய வெற்றிலை இருந்தது. அந்த வெற்றிலைக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டவன்.

இனிச் சொல்லப் போவதைச் சிரிக்காமல் கேளுங்கள்.

மறுநாள் முதல் எங்கள் கடைத்தெருவில் ஷஃபியுல்லாவுக்குப் பெயர் மாறிவிட்டது. பால்காரன் ‘இன்னா பின்னாடி’ என்றான். கறிகாய்க்காரன் ‘பின்னாடி பாத்துப் போ’ என்றான். அவன் கடை வாசலில் போகிறவன் வருகிறவனெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனான். மானமுள்ளவன் என்ன செய்வான்? கடைக் கதவில் பாதியைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தைத்தான். நாங்கள் யாராவது போய்ப் பார்த்தோமா? புலவர் தம் சொல்லில் பிழையில்லை என்று வீட்டுக்கு வீடு விளக்கிக்கொண்டிருந்தார்.

போனவன் யார் தெரியுமா? தேசப்பன். ஜெயித்தவன் போனான். மீன் விற்கவா, மார்பு தட்டவா? சாத்தியிருந்த பாதிக் கதவைத் திறந்து, “ஷஃபி பாய், எங்க சட்டையெல்லாம் கடசி ஆட்டத்துல கிழிஞ்சி பூடுச்சி. நீ தான் புச்சா தச்சிக் குடுக்கணும்” என்றானாம். ‘ஊரில் வேறு தையல்காரன் இல்லையா’ என்று இவன் கேட்க, “எங்கள அப்பிடி ஓட வுட்டவன் நீ ஒருத்தன் தான். உன் கையால தச்சாத்தான் எங்களுக்கு கௌரவம்” என்றானாம். இப்படிப் பேசுகிறவனிடம் எப்படி ஆளைக் காப்பாற்றுவது? நீலச் சட்டைகளைத் தைத்தான். ஒரு சட்டை மிஞ்சியது. அது யாருக்கு என்று கேட்டானாம். “அளவு பாரு, உனுக்குத் தான்” என்றார்களாம்.

எனக்குப் பொறாமை, மகாஜனங்களே. இந்த வார்த்தை எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா? அந்தக் கதவு எங்கள் தெருவில்தானே இருந்தது? மயிலாப்பூரைத் தாண்டி, மாம்பலத்தைத் தாண்டி நடந்துவந்த ஒருவனுக்குத் திறக்கத் தெரிந்த கதவு, பத்தடி தூரத்தில் இருந்த எங்களுக்கு ஏன் திறக்கத் தெரியவில்லை? நீங்கள் மணலில் ஓடி உரம் ஏற்றிய கால்கள் எங்களுக்கும் வந்துவிடும். நீங்கள் எகிறிப் பிடிக்கும் பிடி எங்களுக்கும் பழகிவிடும். இதை எங்கே போய்ப் பழகுவது?

ஷஃபியுல்லா, தம்பி, எழுந்திரு. எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். புலவர் அந்தச் சொல்லை நேற்றே எடுத்துவிட்டார். இனி அது ‘ஒற்றை’. கழகத்தில் ஒருவரும் பழைய சொல்லை உச்சரிக்க மாட்டார்கள். நம் மஞ்சள் சட்டை வீட்டில் கொடியில் தொங்குகிறது. வந்துவிடு.

என்ன? உரக்கச் சொல், அலைச் சத்தத்தில் கேட்கவில்லை.

கேட்டீர்களா? “கோவம் ஒண்ணும் இல்லண்ணே. எனுக்கு ஒரு பேரு கீது. இவங்கோ அத்தச் சொல்லிக் கூப்புடறாங்கோ” என்கிறான்.

இருங்கள், கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

வழி நெடுக எனக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு வந்தேன். அத்தனையையும் இந்த ஒரு வார்த்தை கலைத்துவிட்டது. அவன் கேட்டது கோப்பையா? காசா? கைத்தட்டலா? அவன் தாய் வைத்த பெயர். அதைக்கூட நாம் கொடுக்கவில்லையே.

கட்டுமரத்தின் ஓரம் நிற்கிற சைதாப்பேட்டைச் சொந்தங்களே, மணலில் முகத்தைப் புதைத்துக்கொள்ளாதீர்கள். என்னோடு சேர்ந்து சொல்லுங்கள். ஷஃபியுல்லா. போதாது. கிண்டியில் அன்றைக்கு எத்தனை சத்தம் போட்டீர்கள்? அத்தனையும் வேண்டும். ஷஃபியுல்லா. ஆ, இப்போதுதான் அவன் தலை நிமிர்ந்தது.

கெங்கம்மா, உங்கள் முந்தானையைக் கண்ணிலிருந்து எடுங்கள், நீங்கள் அழுதால் என் பேச்சு கெட்டுவிடும். தேசப்பா, உன்னை வாழ்த்த என் நாக்கு இன்னும் சம்மதிக்கவில்லை, ஆனாலும் இந்த மாலை உனக்குத்தான், வந்து வாங்கிக்கொள். ஷஃபியுல்லா, உன்னை இனி அழைக்க மாட்டேன், தம்பி. அந்த நீலச் சட்டையைக் கழற்றாதே. அடுத்த பருவத்தில் எங்களை எதிர்த்து ஆடு. எங்கள் நடுக் கம்பங்களுக்கு இடையே நீ பந்தை உதைத்துத் தள்ளும் அந்த நேரத்தில், கோட்டுக்கு வெளியே மஞ்சள் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தன் நிற்பான். வயிறு எரிய எரிய, வாயில் வெற்றிலை இல்லாமல், உன் பெயரைச் சொல்லிக் கூவுவான்.

இவ்வளவு நேரம் என் எரிச்சலைப் பொறுத்துக்கொண்ட அக்கிராசனர் அவர்களுக்கும், தோற்றவனுக்கும் மேடை கொடுத்த குப்பத்துக்கும், கேட்டுக்கொண்டிருந்த தாய்மார்களுக்கும் என் நன்றி. வென்றவர்கள் வாழ்க. எல்லோருக்கும் வணக்கம்.