மூன்று மணி நேரத் தூக்கம்

எனக்குத் தூக்கம் கொஞ்சம் அதிகம். கம்பத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தால் உத்தமபாளையம் வருவதற்குள் தூங்கிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது தெரிகிறது. முன்பே தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

சென்னையில் ஒரு கால் சென்டரில் ஏழு மாதம் இரவு வேலை பார்த்தேன். மூன்று முறை மேசையிலேயே தூங்கிப்போனேன். நான்காவது முறைக்கு முன்னால் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு, காமயகவுண்டன்பட்டிக்கு, வந்துவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பினார், ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தார். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பேன். அதில் வேலை எதுவும் கிடையாது.

எங்கள் ஊரில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் சுந்தரலிங்கம், தன் குடோன் மாடியை அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு விட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னுக்கு வந்தவர்கள் யாரையாவது கூப்பிட்டுப் பேச வைப்பார். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டார். முந்தின நாளே பஸ் ஸ்டாப்பில் என் படத்தோடு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். ‘எங்கள் ஊரின் முன்மாதிரி விஜய்ராஜ்’ என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு மறுக்க முடியவில்லை.

“ஏலே, இவனப் பாத்துக் கத்துக்கங்க. நீங்கள்லாம் முதுகுல வெயில் அடிச்ச பெறகுதான் பாயச் சுருட்டுறீக,” என்று சொல்லி மைக்கை என் கையில் கொடுத்தார்.

என்னைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதனால் ஜோயலைப் பற்றிச் சொன்னேன். ஜோயல் என் டீம் லீடர். இரவு வேலை, பகலில் படிப்பு, மூன்று மணி நேரம்தான் தூக்கம் என்று இருந்து ஆறே மாதத்தில் மேலே வந்தவன். நான் அவனைத்தான் முன்மாதிரியாக வைத்திருந்தேன். அவன் குடிக்கிற சர்க்கரையில்லாத காப்பியைக்கூடக் குடித்துப் பார்த்தேன். மாடியில் பேசும்போது அவன் பெயரை மட்டும் சொல்லவில்லை. ‘நான்’ என்று சொன்னேன். நடக்காத எதையும் சொல்லவில்லை. வேறொருவனுக்கு நடந்ததைச் சொன்னேன்.

ஹேமாவதி முன்வரிசையில் இருந்தாள். திராட்சைத் தோட்டத்தில் வேலை. அவளும் அவள் அம்மா சந்தனம்மாளும் காலை ஆறு மணிக்குப் பந்தலுக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வருவார்கள். முந்தின வருடத் தேர்வை இரண்டு மார்க்கில் விட்டிருந்தாள். தோட்டத்தில் அவளைக் கலெக்டரம்மா என்று கேலி செய்வார்களாம். அவளே சொல்லிச் சிரித்தாள்.

“தூங்குறது எத்தன மணியிலேருந்து எத்தன மணி வரைக்கும்ணே?” என்று கேட்டாள்.

நான் அந்த இடத்திலேயே யோசித்து, இரண்டிலிருந்து ஐந்து என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறாமல் தூங்கிய நேரத்தை அதில் எழுதி வந்தாள். சுந்தரலிங்கமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னையே பேச வைத்தார்.

மூன்று வாரம் கழித்து, திராட்சைக் கொடி கட்டும்போதே கண் சொக்குகிறது என்று வந்து சொன்னாள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது, நாற்பது நாளில் பழகிவிடும் என்றேன். நாற்பது நாள் கழித்து மறுபடியும் வந்தாள். அன்றைக்கு மாடி நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

“அண்ணே, நாலு மணி நேரம் தூங்குனாத் தப்பா?”

“தப்பில்ல. பாஸாகாம இருக்கதும் தப்பில்லதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஜோயலைப் பற்றி ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பகல் முழுக்கத் தூங்குவான். பக்கத்து அறையிலிருந்ததால் எனக்குத் தெரியும். மேடையில் சொல்ல அது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன். ஹேமாவதிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. காலையில் தோட்டம், மத்தியானம் என் பேச்சு.

மாசி மாதத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தோட்டத்துக் கிணற்றில் அவள் விழுந்தாள். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. தூக்கும்போது உயிர் இல்லை. யாரும் பார்க்கவில்லை. அதனால் குதித்துவிட்டாள் என்றார்கள். கல்யாணமாகாத பெண் குதித்தாள் என்றால், அடுத்து என்ன சொல்வார்கள் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

தினமும் சாயங்காலம் படிக்க வரும்போது அவள் எழுதுகிற நோட்டு மாடி அலமாரியில் இருந்தது. அன்று சாயங்காலம் அதை எடுத்து வந்து படித்தேன். ‘தூக்கம் மூன்று மணி, அண்ணன் சொன்னபடி’ என்று பக்கம் பக்கமாக இருந்தது. கடைசிப் பக்கங்களில் கையெழுத்து கோணியிருந்தது. ‘இன்றும் பந்தல் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அண்ணனிடம் சொல்லக் கூடாது. கிணற்று மேட்டில் வேப்பமர நிழலும் காற்றும் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு அங்கே பத்து நிமிஷம் கண்ணை மூடினால் சாயங்காலம் வரை தாங்குகிறது.’ முந்தின நாள் எழுதியது.

அதை யாரிடம் காட்டியிருந்தாலும் அவள் குதிக்கவில்லை என்பது தெரிந்திருக்கும். கூடவே என் பெயரும் தெரிந்திருக்கும். மறுநாள் காலை வெந்நீர் அடுப்பில் பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டேன். அந்த வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் இழவு வீட்டுக்குப் போனேன்.

சந்தனம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் பெண்கள் இருந்தார்கள்.

“ஊருக்குள்ள என்னென்னமோ சொல்றாக தம்பி. ஒன்னயத்தான் அவ அண்ணே அண்ணேன்னு சொல்லுவா. நீ சொல்லுப்பா. எம்மக யாருகூடயும் பழகுனாளா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறகு ஏன் செத்தாள் என்று அடுத்த கேள்வி வரும். தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் கழித்து, “எனக்குத் தெரியலத்தா,” என்றேன். அந்தக் கொஞ்ச நேரத்தையே அங்கிருந்த பெண்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். சந்தனம்மாள் என் கையை விட்டுவிட்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் நான் இதைத்தான் சொன்னேன், இதே மாதிரி தலையைக் குனிந்து.

இப்போது சந்தனம்மாளை எங்கள் ஊர்த் தோட்டங்களில் கூலிக்குக் கூப்பிடுவதில்லை. கூட வேலை செய்கிற பெண்கள் ஒரு மாதிரிப் பேசுகிறார்களாம். டவுன் பஸ்ஸில் வேறு ஊருக்குப் போகிறார். பஸ் ஸ்டாப்பில் அவர் நின்றால் நான் திரும்பி வந்துவிடுவேன். மகளைக் கொன்றது நான். செத்தவளுடைய பெயரைக் கெடுத்ததும் நான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

சித்திரையில் சுந்தரலிங்கம் மறுபடியும் பேசக் கூப்பிட்டார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் போகிறேன். யார் முகத்தையும் பார்க்காமல்தான் பேசுகிறேன். அதை அடக்கம் என்று சொல்லி சுந்தரலிங்கம் பாராட்டுகிறார். முன்வரிசையில் இப்போது வேறு பெண்கள் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் நான் பழைய ஆள் இல்லை. நடந்ததிலிருந்து பாடம் கற்றுக்கொண்டேன். மூன்று மணி நேரம் தூங்கினேன் என்று இப்போது யாரிடமும் சொல்வதில்லை. நான்கு மணி நேரம் என்றுதான் சொல்கிறேன்.