அழைக்காத கை

தலைமை இருக்கையில் அமர்ந்திருக்கும், முப்பது ஆண்டுகள் இந்த மலையில் கங்காணியாக நடந்து ஓய்ந்த பெரியவர் செல்லத்துரை அண்ணாச்சி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தோழர்களே, ஏலப்பாறையிலிருந்து ஈரச்சாலையில் ஏறிவந்த என் இனிய நண்பர்களே, இலை பறித்த கையோடு, தலையில் போட்ட சாக்கைக்கூடக் கழற்றாமல் முன்வரிசைக்கு வந்திருக்கும் என் தாய்மார்களே, தாய்மார் மடியில் தூங்கும் தங்கங்களே, உங்கள் அனைவருக்கும் இந்தக் கம்பவுண்டர் அர்த்தநாரியின் பணிவான வணக்கம்.

எனக்குப் பிரிவுபசார விழா எடுத்திருக்கிறீர்கள். வாழை கட்டியிருக்கிறீர்கள். பொன்னாடையும் கொண்டுவந்தீர்கள். அதை நான் தோளில் வாங்கவில்லை, கையில் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டேன். தலைவருக்கு முகம் வாடிவிட்டது. அண்ணாச்சி, மன்னியுங்கள். நான் பேசி முடித்த பிறகும் அதை எனக்குப் போர்த்த வேண்டும் என்று தோன்றினால் அப்போது போர்த்துங்கள்.

கொல்லங்கோட்டு வயலை விட்டுவிட்டு, ஐம்பத்திரண்டாம் ஆண்டு, ஒரு தகரப்பெட்டியோடு இந்தக் கருங்கொடி எஸ்டேட்டுக்கு வந்தவன் நான். "ஏனுங்க, எங்கீங்க நோவுது?" என்று என் ஊர்ப் பேச்சில் நான் கேட்டபோது நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இதோ, இப்போதும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் தாயே, சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் சிரிப்பு வராது.

இந்த ஐந்து ஆண்டுகளாக நம் நாலாம் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் அந்த வரிசை வீடுகளில், நடப்பது என்ன? நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதை நான் மைக்கில் பேசப்போகிறேன்.

பெரியமுத்து எப்படிப் போனார்? கல்லைப் போல இருந்த மனிதர். கண் மஞ்சளானது. வயிறு பானையாக உப்பியது. பகலெல்லாம் பிணம் மாதிரித் தூங்கினார், இரவெல்லாம் விழித்திருந்து சுவரோடு பேசினார். மூச்சில் ஒரு இனிப்பு வாடை, அழுகிய பழக்கூடையின் வாடை. பிறகு அந்தக் கை. நீட்டிய கையின் மணிக்கட்டு மடங்கும், நிமிரும், மடங்கும், நிமிரும். யாரையோ "வா, வா" என்று கூப்பிடுகிற மாதிரி. அந்தக் கை ஆடிய திசையில் நின்றது யார்? சாந்தம்மாள். எட்டு மாதம் கழித்துப் போனது யார்? அதே சாந்தம்மாள். சாந்தம்மாளின் கை யாரைக் கூப்பிட்டது? மூக்கம்மாளை. மூக்கம்மாளும் போனாள். பட்டப்பகலில், மழை விட்ட வெயிலில், லயத்து முற்றத்தில் கயிற்றுக்கட்டிலில் கிடந்து, அவள் கை ஆடியதை இங்கே இருக்கும் பாதிப் பேர் பார்த்தீர்கள். அந்தக் கை யாரை நோக்கி ஆடியது?

பெயரைச் சொல்ல வேண்டாம் என்கிறீர்களா, அண்ணாச்சி? சொல்லத்தான் வேண்டும். அழகுத்தாயை நோக்கி ஆடியது.

அன்றிலிருந்து நாற்பது நாள் ஆயிற்று. அழகுத்தாய் மலைக்கு இலை பறிக்கப் போகவில்லை. ஒரு வேளைக் கஞ்சிக்கு மேல் குடிப்பதில்லை. லயத்துக் கடைசியில் ஒரு ஓலைச் சாய்ப்பு இறக்கி, அங்கே தனியாக உட்காரவைத்துவிட்டார்கள். மகளுக்கு வந்த சம்பந்தமும் நின்றுபோனது. நாளை மறுநாள் அவளுடைய அண்ணன்மார் அவளைப் பேயோட்டும் கோடாங்கிக்காரனிடம் கொண்டுபோகப் போகிறார்கள். அவள் இன்று வந்திருக்கிறாள். அதோ, ஒலிபெருக்கி கட்டிய கம்பத்துக்குப் பக்கத்தில். இவ்வளவு கூட்டத்தில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறீர்கள், அவளைச் சுற்றி மட்டும் நாலு முழம் காலியாகக் கிடக்கிறது. பார்த்தீர்களா?

பெரியமுத்து, சாந்தம்மாள், மூக்கம்மாள், அழகுத்தாய். இந்த வரிசையை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று யாருக்காவது தோன்றியதா? எனக்குத் தோன்றியது. மூக்கம்மாளை எடுத்துக்கொண்டு போன அன்று, பாடைக்குப் பின்னால் நடக்கும்போது தோன்றியது. அது காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்து வரிசை. கங்காணி அண்ணாச்சி தினமும் கூப்பிட்ட வரிசை. வேலைக்கு மட்டுமா அந்த வரிசையில் நின்றீர்கள்? அரிசிக்கு நின்றீர்கள். கம்பளிக்கு நின்றீர்கள். கோயில் பொங்கலுக்கும் அதே வரிசையில்தான் நின்றீர்கள். இன்னும் ஒன்றுக்கும் நின்றீர்கள். அதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். நான் மறக்கவில்லை.

ஐம்பத்தாறாம் ஆண்டு அடைமழை. லயமெல்லாம் காய்ச்சல். மாத்திரை கொடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தேயிலைத் தூருக்குள் எறிவீர்கள். ஆமாம் ஐயா, தலையாட்டுங்கள், எறிந்தது நீங்கள்தானே. "ஊசி குத்துங்க கம்பவுண்டரே, குத்துனாத்தான மேலுக்கு நல்லாருக்கும்" என்று கையை நீட்டுவீர்கள். ஒரு நாள் காலை பெரட்டு முடிந்த களத்திலேயே, அதே வரிசையில், நாற்பது பேர் நின்றீர்கள். என்னிடம் இருந்தது ஒரு கண்ணாடி ஊசிக்குழல், இரண்டு ஊசி. ஒருவருக்குக் குத்திய ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்துத்தான் அடுத்தவருக்குக் குத்த வேண்டும். எனக்குத் தெரியாதா? படித்தவன், தெரியும். விறகு ஈரம், ஸ்டவ் பற்றவில்லை, மலைக்கு இறங்க நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார்கள். நான் என்ன செய்தேன்? ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஊசியைத் துடைத்தேன். துடைத்தேன், குத்தினேன். துடைத்தேன், குத்தினேன். நாற்பது பேருக்கும் குத்தி முடித்தேன். "கம்பவுண்டர் கை பூப்போல" என்று சாந்தம்மாள் சொல்லிவிட்டுப் போனாள். இருபத்திரண்டு ஆண்டு அந்தச் சொல்லை மாலையாகப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

என் தாய்மார்களே, உங்கள் லயத்துக்குள் எந்தப் பேயும் நுழையவில்லை. நுழைந்தது என் ஊசி.

அமைதி. அமைதியாக இருங்கள் தம்பி. அடிப்பதென்றால் பேசி முடித்ததும் அடியுங்கள், நான் ஓடமாட்டேன்.

போன மாதம் கோட்டயம் பக்கம் ஒரு பெரிய டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா சொன்னார்: "காமாலையிலே தண்ணியாலே வர்றது ஒண்ணு, ரத்தத்தாலே வர்றது ஒண்ணு. ரெண்டையும் சோதிச்சுப் பார்க்க இப்போ வழி வந்திருக்கு. ரெண்டும் இல்லாத மூணாவது ஒண்ணும் இருக்கு. ரத்தத்திலே சத்தமில்லாம இருபது வருஷம் உட்கார்ந்து ஈரலைத் தின்னும். அதுக்கு இன்னும் பேர்கூட வைக்கலை."

பெயரில்லாத ஒன்று. பெரட்டில் எவரும் கூப்பிடாத ஒன்று, நம் வரிசையில் வந்து நின்றிருக்கிறது. "மருந்து?" என்றேன். "அந்தக் கிருமியைக் கொல்ற மருந்து இன்னைக்கு உலகத்திலேயே இல்லை. தேடிட்டிருக்காங்க. என்னைக்காவது வரும்" என்றார். "அதுவரைக்கும்?" என்றேன். "அதுவரைக்கும் உயிரோட வைக்கலாம். சாராயம் தொடக்கூடாது, உப்பைக் குறைக்கணும், வயித்து நீரை இறக்க மாத்திரை இருக்கு. ரத்தத்தைச் சோதிச்சாத்தான் யாருக்கு எவ்வளவுன்னு தெரியும். ஊசி வாங்கின எல்லாருக்கும் வந்திருக்காது" என்றார்.

"அந்தக் கை ஆடுறது, அம்மா?" என்று கேட்டேன். சிரித்தார். "ஈரல் கெட்டா ரத்தத்திலே அழுக்கு தங்கும், அது மூளைக்கு ஏறும், கை ஆடும். வயித்தை நல்லா இளக்கினா நிக்கும்" என்றார். கேட்டீர்களா? பேதிக்குக் குடித்தால் நின்றுபோகிற பேயை இந்த மலையில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? சிரிப்பு வருகிறதல்லவா? இந்தச் சிரிப்பை நான் பெரியமுத்து இருந்தபோதே கொண்டுவந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். பெரியமுத்துவுக்கும் சாந்தம்மாளுக்கும் நடுவில் பெரட்டில் நின்றவர்கள் இரண்டு பேர். இருவரும் இன்றும் கல் உடைக்கிறார்கள், கடைசி வரிசையில் பீடி குடிக்கிறார்கள். வரிசை தப்பியதை நாம் எண்ணவில்லை. வரிசை பொருந்தியதை மட்டும் எண்ணி எண்ணி நடுங்கினோம். நடுங்கிய நடுக்கத்தில் ஓர் உயிரைச் சாய்ப்பில் தள்ளினோம். அவளுக்கு நோய் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நாற்பது நாள் கஞ்சியைக் குறைத்தால் நோயில்லாதவளும் சாவாள், அது எனக்குத் தெரியும்.

நாளைக் காலை ஏழு மணிக்கு டிஸ்பென்சரி வாசலிலிருந்து ஜீப் கிளம்புகிறது. அன்று வரிசையில் நின்றவர்களில் உயிரோடு இருக்கும் எல்லாரும் வர வேண்டும். ஒரே நாளில் முடியாது, ஐந்தைந்து பேராகப் போவோம். அழகுத்தாயே, அம்மா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். கோடாங்கிக்குப் போகாதே. என்னோடு வா.

என்ன முணுமுணுக்கிறீர்கள்? "இவன் பேச்சை நம்பி எப்படிப் போவது, குத்தியவனே இவன்தானே" என்கிறீர்களா? நியாயம். அப்படியானால் கடைசியாக ஒன்று சொல்கிறேன். அன்று எனக்கும் காய்ச்சல். நாற்பது பேர் முடிந்ததும், நாற்பத்தோராவதாக, அதே ஊசியை அதே பஞ்சால் துடைத்து என் தொடையில் நானே குத்திக்கொண்டேன். பெரட்டில் பெயரில்லாத நான், அந்த வரிசையில் கடைசி ஆள். டாக்டரம்மா என் ரத்தத்தைப் பார்த்துவிட்டார். பெயர் வைத்த இரண்டும் இல்லை, ஈரல் மட்டும் கெட்டிருக்கிறது, ஆகவே அந்த மூன்றாவதுதான் என்றார். எனக்கு அது இருக்கிறது. இன்று காலையிலும் வயிறு இளக்கக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதனால்தான் இவ்வளவு நேரம் கோர்வையாகப் பேச முடிந்தது. இப்போது கொஞ்சம் களைத்துவிட்டேன். பாருங்கள், கையை நீட்டுகிறேன்.

எழுந்திருக்காதீர்கள். ஓடாதீர்கள். குழந்தையின் கண்ணைப் பொத்தாதே தாயே, பார்க்கட்டும். மடங்குகிறது, நிமிர்கிறது. பார்த்தாயா? இந்தக் கை யாரையும் கூப்பிடவில்லை. இது ஈரல் கெட்ட ஒரு மனிதனின் கை. ஒரு நாள் மருந்து வரும்போது இந்தக் கை இருக்காது. உங்களில் பலருடைய கை இருக்க வேண்டும்.

யாரது எழுந்து வருவது? வழி விடுங்கள். ஒதுங்கி ஓட வேண்டாம், வழி மட்டும் விடுங்கள். வா அம்மா. படி வழுக்கும், பார்த்து ஏறு. என் கையைப் பிடித்துக்கொள்கிறாயா? நன்றாக இறுக்கிப் பிடி. ம்... நின்றுவிட்டது பார்.

அண்ணாச்சி, அந்தப் பொன்னாடையை எடுங்கள். எனக்கில்லை, இவளுக்குப் போர்த்துங்கள். நாளைக் காலை ஜீப்பில் பனி அடிக்கும்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. கைகூப்ப முடியவில்லை, ஒரு கையை அழகுத்தாய் பிடித்திருக்கிறாள். மற்றொரு கையால் வணக்கம்.