மூலையில் ஒரு சின்னக் கட்டம்

— ...விளையாடாத. நிஜமாத்தான் சொல்றேன். மூணு மாடிப் படியும் ஆளுங்க. என் ரூம் வாசல் வரைக்கும் நிக்கிறாங்க.

— ஆபீஸ்னா நாலு பேரு வரத்தானேங்க செய்வாங்க? இதுக்குப் போயி பொண்டாட்டிக்கு போனா?

— நாலு பேரா! முந்நூறு பேராவது இருப்பாங்க. ஒரு சத்தம் இல்ல... பயமா இருக்கு.

— சத்தம் போடலைன்னா நல்லதுதானே?

— கோஷம் போட்டா போலீஸைக் கூப்பிடலாம். சும்மா நிக்கிறவங்களை என்ன பண்றது? கையை மட்டும் ஆட்டி ஆட்டி... நீ எங்க இருக்க?

— டீவி ஸ்டேஷன்ல. மேக்கப் போட்டுக்கிட்டு இருக்கேன். அஞ்சு மணிச் செய்தி இருக்குல்ல.

— அதான் கேக்குறேன். இவங்கல்லாம் காது கேக்காதவங்க. நீ கை பாஷையில செய்தி சொல்ற உன் ஆளுங்க.

— யாருமே பாக்காத சேனல்ல, மூலையில, சின்னக் கட்டத்துக்குள்ள நின்னு கையை ஆட்டுறவளுக்கு ஆளுங்க ஏதுங்க?

— நேத்து சாப்பிடும்போது நான் சொன்னதை இப்ப எடுக்காத.

— நேத்து மட்டுமா... சரி, எதுக்கு வந்திருக்காங்களாம்?

— பொதுத் தொலைக்காட்சி இனிமே வேணுமா வேண்டாமான்னு எங்க கமிட்டி மக்கள் கருத்து கேட்டுச்சுல்ல. அதுக்குக் கருத்து சொல்லணுமாம். பேப்பர்ல எழுதிக் காட்டுறாங்க.

— கேட்டீங்க, சொல்ல வந்திருக்காங்க.

— வெப்சைட்ல கேட்டோம்! ரெண்டு மாசத்துல பதினோரு பேருதான் எழுதினாங்க. அதுலயும் நாலு பேரு வழுக்கைக்கு எண்ணெய் விக்கிறவங்க. மக்களுக்கு அக்கறை இல்லைன்னு அறிக்கை முடிஞ்சாச்சு. அஞ்சு மணிக்குக் கையெழுத்து.

— கடைசி நாளே இன்னைக்குத்தானே? அதுக்குள்ள முடிஞ்சாச்சா?

— ...அது ஒரு பேச்சுக்கு. இரு, நேர்லயும் வந்து சொல்லலாம்னு இவங்களுக்கு யாரு சொன்னது? அறிவிப்போட ஒன்பதாம் பக்கத்துல, அடியில, பொடி எழுத்துல போட்டிருக்கோம். போட்ட எனக்கே மறந்துபோச்சு.

— டீவியில சொல்லியிருக்கலாமே?

— டீவியை யாரு பாக்குறா?

— ம்ம்...

— என்ன 'ம்ம்'?

— ஒண்ணுமில்ல. பவுடர் வாய்ல போச்சு.

— முன்னாடி நிக்கிற பெரியவர் ஒருத்தர் மணிக்கட்டைத் தட்டித் தட்டி என் போனைக் காட்டுறாரு. நேரமாச்சுங்கிறாரா?

— இல்லீங்க. என்கிட்டதான் பேசுறீங்களான்னு கேக்குறாரு. அது என் பேரு. வாட்ச் கட்டிக்கிட்டு நிக்கிறேன்ல, அதை வெச்சு. ஒவ்வொருத்தருக்கும் இப்படி ஒரு பேரு உண்டு.

— நீ வாட்ச் கட்டுவியா?

— பன்னிரண்டு வருஷமா. பாத்தாத்தானே தெரியும்.

— ஏய்... நீதானா இவங்களைக் கூப்பிட்டது?

— செய்தி வாசிக்கிறவர் 'வணக்கம்' சொல்லிட்டு பேப்பரை அடுக்குவாரு. அந்தப் பத்து செகண்ட் நான் சும்மா நிப்பேன். இந்த வாரம் சும்மா நிக்காம, அந்த ஒன்பதாம் பக்கத்தைக் கையால சொன்னேன்.

— அடிப்பாவி! உங்க டைரக்டர் ஒண்ணும் சொல்லலையா?

— அவருக்குக் கை பாஷை தெரிஞ்சாத்தானே! 'இந்த வாரம் ரொம்ப உற்சாகமாப் பண்றீங்க'ன்னு பாராட்டினாரு.

— வேலை போயிடும்டி!

— அரசாங்க அறிவிப்பை மக்களுக்குச் சொன்னதுக்கு வேலை போச்சுன்னா, அதையும் உங்க அறிக்கையில சேத்துக்கங்க.

— சண்டையை வீட்ல வெச்சுக்கலாம். கார் அனுப்பறேன், வா. இவங்க சொல்றதைச் சொல்ல இங்க ஆளே இல்ல.

— செய்தியை விட்டுட்டா?

— யாரு பாக்கப் போறா? பாக்குறவங்க எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க!

— அப்ப பாக்குறவங்க இருக்காங்கன்னு ஒத்துக்கிட்டீங்க. வர முடியாதவங்க வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்கங்க. உங்க ஆபீஸ் டீவியைப் போட்டு விடுங்க, வந்தவங்களும் பாக்கட்டும்.

— எங்க ஆபீஸ்ல... டீவி கிடையாது.

— டீவி கமிட்டி ஆபீஸ்லயா?

— எல்லாரும் போன்லதான்... சிரிக்காத. இன்னொண்ணு. என்னைப் பாத்ததும் எல்லாரும் ஒரு கையால கண்ணைப் பொத்திக்கிட்டு, இன்னொரு கையால காத்துல கிறுக்குறாங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்கும் காட்டிச் சிரிக்கிறாங்க. என்ன கேக்குறாங்க? பேனாவா?

— சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. அறிக்கையில எங்க செய்தியைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?

— அது... பரிசீலனையில இருக்கு.

— சத்தியமா?

— உன்கிட்ட பொய் சொல்வேனா?

— போன சனிக்கிழமை சாமான் பட்டியல் எழுத ஒரு வேஸ்ட் பேப்பர் குடுத்தீங்க. உப்பு, சோப்பு, பல்புன்னு எழுதிட்டு கடையில திருப்பிப் பாத்தேன். உங்க அறிக்கை, பக்கம் பதினாலு. 'மூலையில் உள்ள கைமொழிக் கட்டத்தை நீக்கலாம். பார்ப்போர் எவருமில்லை.' ஓரத்துல உங்க கையால, 'சரி.'

— ...ஒரு வாரமா ஏன்டி கேக்கல?

— நீங்க ஏன் சொல்லல? ரொம்ப வலிச்சுதுங்க. அந்தக் கடையிலயே அழுதுட்டேன்.

— படிச்சுப் பாக்காமலே போட்டுட்டேன்டி.

— கூப்பிடுறாங்க. வெச்சுடட்டுமா?

— இரு, இரு! இவங்க விடாம அதையே பண்றாங்க... கண்ணைப் பொத்திக்கிட்டுக் கிறுக்குறது. என்னதான் கேக்குறாங்க?

— ஒண்ணும் கேக்கலைங்க. உங்களைப் பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க. திங்கக்கிழமை நான் வெச்ச பேரு.